மீன் வறுத்து வாங்கும் தீயணைப்பு வண்டி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையத்துக்கு முன்னால் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும். வண்டிகளை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, அவை நின்ற கொட்டகையிலேயே மடக்கு மேசைகளைப் போட்டிருப்பார்கள். மாவில் தோய்த்துப் பொரித்த காட் மீன், நறுக்கிய முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பியரோகி என்னும் ஒருவகைக் கொழுக்கட்டை. பெரும்பாலும் இவ்வளவுதான் சாப்பாடு. பொரிப்பவர், பரிமாறுபவர், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் எல்லோருமே அந்த நிலையத்தின் தீயணைப்பு வீரர்கள், இல்லையென்றால் அவர்கள் வீட்டார். மீன் பொரிப்பதற்கும் சம்பளம் கிடையாது, தீயை அணைப்பதற்கும் கிடையாது. வெளியூர்க்காரர் கண்ணுக்கு இது ஊர்த் திருவிழா. கல்லாவில் விழும் காசோ வண்டியின் டீசலுக்கும், கிழிந்த ஹோஸை மாற்றுவதற்கும், கட்டடக் காப்பீட்டுக்கும் கணக்குப் போட்டு வைக்கப்பட்ட காசு.

தீயணைப்பு என்றால் அரசுத் துறை, சீருடை, மாதச் சம்பளம் என்று பழகிய நமக்கு இது வினோதமாகப் படலாம். அமெரிக்காவின் சிற்றூர்களில் இதுதான் நடைமுறை. அந்நாட்டின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 2020ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்கில், தீயணைப்பு வீரர்கள் சுமார் 10 லட்சத்து 41 ஆயிரம் பேர். அதில் 6 லட்சத்து 77 ஆயிரம் பேர் சம்பளமில்லாத் தொண்டர்கள். மொத்தம் 29,000க்கும் மேற்பட்ட படைகளில் 82 விழுக்காடு முழுக்கவோ பெரும்பாலுமோ தொண்டர்களால் நடப்பவை. பெருநகரங்களில் சம்பளப் படைகள் இருப்பதால், மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் தொண்டர் படைகளின் காவலில் இருப்பவர்கள் பத்தில் மூன்று பேர்தான். பென்சில்வேனியாவில் இவற்றுக்கு ஃபயர் கம்பெனி என்று பெயர். இவை பெரும்பாலும் அரசின் கிளைகள் அல்ல. உறுப்பினர்களே சொந்தமாக நடத்தும், லாப நோக்கில்லாத தனிச் சங்கங்கள். நிலையக் கட்டடமும் வண்டியும் பல ஊர்களில் சங்கத்தின் சொத்து. தலைமை அதிகாரியைக்கூட உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

இந்தச் சங்கங்கள் ஆள் இல்லாமல் தள்ளாடுகின்றன. 1970களில் பென்சில்வேனியாவில் தொண்டர் தீயணைப்பு வீரர்கள் சுமார் 3 லட்சம் பேர் இருந்ததாகவும், இப்போது 38,000 அளவுக்குக் குறைந்துவிட்டதாகவும் அம்மாநில செனட் அமைத்த ஆணையம் 2018இல் அறிக்கை தந்தது. அந்தப் பழைய எண்ணிக்கையில் பேருக்கு உறுப்பினராக இருந்தவர்களும் சேர்ந்திருக்கலாம். பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுப் பார்த்தாலும் விழுந்த ஆழம் சாதாரணமானதல்ல. இதற்கு ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் காரணம் எந்த நாட்டிலும் கேட்கக்கூடியதுதான்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனம் இல்லை. இது சோம்பேறித்தனமான விடை. கேட்பது எவ்வளவு என்பதைப் பார்க்காமல், கொடுப்பவரின் மனத்தை மட்டும் குறை சொல்லும் விடை. ஒரு தொண்டரிடம் இரண்டு வேலைகளை அமெரிக்கச் சிற்றூர் கேட்கிறது. ஒன்று, தீயணைக்க வா. இரண்டு, அதற்கான கருவியை வாங்கும் பணத்தையும் நீயே திரட்டு. முதல் வேலைக்கு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டாவது வேலைதான் அவர்களைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு வேலையும் ஒரே தலையில் விழுந்தது எப்படி என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1736 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சில நண்பர்களுடன் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கினார். உறுப்பினர்கள் சொந்தச் செலவில் தோல் வாளிகளும், எரியும் வீட்டிலிருந்து சாமான்களை வாரிக் கட்டிக் கொண்டுவரத் துணிப்பைகளும் தயாராக வைத்திருக்க வேண்டும். மாதக் கூட்டத்துக்கு வராதவர் கட்டிய சிறு அபராதங்களைச் சேர்த்துத்தான் பம்ப், ஏணி, கொக்கிகள் வாங்கினார்கள் என்று ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அன்றைக்கு அந்தக் கணக்கு சரி. சேர்ந்தவர்கள் வசதியுள்ள நகரவாசிகள், வாளி விலை அவர்களுக்குப் பொருட்டல்ல, காப்பாற்றப் போவதும் ஒருவர் சொத்தை மற்றவர். 19ஆம் நூற்றாண்டில் கம்பெனிகள் பெருகின, போட்டி முற்றியது. யார் முதலில் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பது என்று எரியும் வீட்டுக்கு முன்னால் நின்று அடித்துக்கொண்ட ஃபிலடெல்ஃபியாக் கம்பெனிகளின் பெயர் நாறிப்போயிற்று. நீராவிப் பம்ப் வந்ததும் பெருநகரங்கள் பொறுமை இழந்தன. 1853இல் சின்சினாட்டி முழுச் சம்பளப் படைக்கு மாறியது. நியூயார்க் 1865இலும், ஃபிலடெல்ஃபியா 1871இலும் அதே வழிக்கு வந்தன. சிற்றூர்கள் பழைய ஏற்பாட்டிலேயே நின்றுவிட்டன: உழைப்பும் உங்களுடையது, வாளியும் உங்களுடையது.

அந்த வாளியின் இன்றைய விலையைப் பார்ப்போம். ஒரு புதிய பம்ப் வண்டி 10 லட்சம் டாலரைத் தொட்டுவிட்டது. ஏணி வண்டி அதைப்போல் இரு மடங்கு. பணத்தைக் கட்டினாலும் வண்டி வந்து சேர இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தீப்புகாத கோட்டு, கால்சட்டை, பூட்ஸ், ஹெல்மெட், கையுறை எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு மூவாயிரம் நாலாயிரம் டாலர் ஆகும். கிழியாவிட்டாலும் பத்தாண்டில் அதைக் கழித்துவிட வேண்டும் என்பது தரவிதி. முதுகில் சுமக்கும் மூச்சுக்கருவி ஒன்று எட்டாயிரம் பத்தாயிரம். இப்போது ஒரு வண்டிக்கு எத்தனை மீன் சாப்பாடு என்று போட்டுப் பார்க்கலாம். தட்டுக்கு 8 டாலர் லாபம், வெள்ளிக்கிழமைக்கு 500 தட்டு, தவக்காலத்தில் ஏழு வெள்ளி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 28,000 டாலர். அந்த வேகத்தில் ஒரு பம்ப் வண்டி வாங்க முப்பத்தாறு ஆண்டு ஆகும். வண்டியின் ஆயுளோ இருபது, இருபத்தைந்து ஆண்டுதான். ஆக, மீன் மட்டும் போதாது. கோடைக்காலத்தில் கார்னிவல், வாரம் ஒருநாள் பிங்கோ என்னும் எண் சூதாட்டம், துப்பாக்கியைப் பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டு, காலையில் பான்கேக் விருந்து, ஞாயிற்றுக்கிழமை சுட்ட கோழி என்று ஆண்டு முழுதும் ஓட வேண்டும். பிங்கோவும் முன்போல் இல்லை. 2004இல் மாநிலம் சூதாட்ட விடுதிகளுக்குக் கதவைத் திறந்ததும் பிங்கோ மேசைக்குப் பெரிய போட்டி முளைத்துவிட்டது. அந்த விடுதிகளின் வரியிலிருந்து ஒரு துளி தீயணைப்புக் கம்பெனிகளுக்கே மானியமாகத் திரும்பி வருவது தனி வேடிக்கை.

இந்தச் சமையலறை வருமானம் எதன் மேல் நின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான கம்பெனிகளுக்குப் பெண்கள் துணைச் சங்கம் ஒன்று இருந்தது. வீரர்களின் மனைவிமாரும் தாய்மாரும் சேர்ந்த அந்தச் சங்கம்தான் பகலெல்லாம் உருளைக்கிழங்கு உரித்தது, பை என்னும் பணியாரம் சுட்டது, வீடு வீடாகச் சீட்டு விற்றது. அவர்கள் பகலில் வீட்டில் இருந்தார்கள் என்பதால் அது நடந்தது. இன்று அவர்கள் வேலைக்குப் போகிறார்கள்; பலர் துணைச் சங்கத்தைத் தாண்டி, தாங்களே ஹோஸைப் பிடித்துக்கொண்டு தீக்குள் போகும் வீரர்களாகிவிட்டார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் சம்பளமில்லாமல் கிடைத்துவந்த ஒரு நிதித்துறையே இதில் சத்தமில்லாமல் கலைந்து போனது. அதன் வேலை முழுதும் தீயணைப்பவர் தலையிலேயே வந்து உட்கார்ந்தது.

தீயணைக்கும் வேலையும் இந்த நாற்பதாண்டில் அதே அளவில் நிற்கவில்லை. நாடு முழுவதும் தீயணைப்புப் படைகளுக்கு 1980இல் வந்த அழைப்புகள் 1 கோடியே 8 லட்சம். 2020இல் 3 கோடியே 64 லட்சம். தீ விபத்துகள் இதே காலத்தில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கின்றன. ஏறியதெல்லாம் மருத்துவ அவசரம், சாலை விபத்து, தானாக அடிக்கும் அலாரம், வெள்ளம், கவிழ்ந்த டேங்கர் லாரி ஆகியவைதான். இன்று வரும் அழைப்பில் மூன்றில் இரண்டு மருத்துவம் சார்ந்தது. பயிற்சியும் கூடிவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினால் போதும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. பென்சில்வேனியாவில் புதிதாகச் சேர்பவர் அடிப்படைப் பாடத்தை முடிக்கவே நூற்றைம்பது மணி நேரத்துக்கு மேல், மாலைகளிலும் வார இறுதிகளிலும் உட்கார வேண்டும். இதைக் குறைக்கச் சொல்வது தவறு. வீட்டுச் சாமான்களே மாறிவிட்டன. அமெரிக்காவின் யு.எல். ஆய்வு நிறுவனம் இரண்டு அறைகளைக் கொளுத்திப் பார்த்தது. மரமும் பருத்தியும் நிறைந்த பழைய பாணி அறை முழுதாகத் தீப்பற்ற 29 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பாலியூரித்தேன் மெத்தையும் செயற்கை இழையும் நிறைந்த இன்றைய அறை நாலு நிமிடத்துக்குள் முழுதாகப் பற்றிக்கொண்டது. தாத்தா காலத்து வீரருக்குக் கிடைத்த அவகாசம் பேரனுக்குக் கிடையாது.

அந்த நாலு நிமிடத்துக்குள் தொண்டர் படை என்ன செய்துகொண்டிருக்கும்? அவசர அழைப்பு மையம் தட்டிவிட்ட ஒலி, வீரரின் இடுப்பிலோ கட்டிலருகிலோ உள்ள பேஜரில் அலறும். பல ஊர்களில் நிலையத்தின் கூரையில் உள்ள சைரனும் சேர்ந்து ஊரையே எழுப்பும். அவர் தன் காரில் நீல விளக்கைச் சுழலவிட்டு நிலையத்துக்கு ஓட்ட வேண்டும். அந்த நீல விளக்கு வழிவிடும்படி கேட்கும் வேண்டுகோள்தான், சிவப்பு சிக்னலைத் தாண்டும் உரிமையை அது தராது. போய், உடை மாட்டி, போதிய ஆள் சேரும்வரை நின்று, பிறகுதான் வண்டி நகரும். இதை ஏற்றுக்கொண்டுதான் தொண்டர் படைகளுக்கான தேசியத் தரவிதியே எழுதப்பட்டிருக்கிறது: சதுர மைலுக்கு 500 பேருக்கும் குறைவாக வாழும் நாட்டுப்புறத்தில், பத்தில் எட்டு தீக்காவது 14 நிமிடத்துக்குள் ஆறு பேர் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தால் தண்ணீர் இருக்குமா என்பது அடுத்த கேள்வி. நாட்டுப்புறத்தில் தெருவோர ஹைட்ரண்ட் கிடையாது. பம்ப் வண்டியின் தொட்டியில் ஆயிரம் கேலன், நம் கணக்கில் 3,800 லிட்டர் இருக்கும். ஒரே ஒரு ஹோஸ் நிமிடத்துக்கு 150 கேலன் குடிக்கும்; ஏழு நிமிடத்தில் தொட்டி காலி. அதற்குள் சாலையோரத்தில் இரும்புச் சட்டமும் தார்ப்பாயும் கொண்ட மடக்குத் தொட்டியை விரித்து, தண்ணீர் லாரி ஒன்று இரண்டாயிரம் மூவாயிரம் கேலனை அதில் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுத் திரும்பி ஓடையை நோக்கி ஓட, அடுத்த லாரி பின்னால் நிற்க வேண்டும். பம்ப் வண்டி அந்தத் தொட்டியிலிருந்து உறிஞ்சும். குழாய் இணைப்பில் கொஞ்சம் காற்று புகுந்தாலும் உறிஞ்சல் அறுந்து, உள்ளே இருக்கும் ஆள் கையில் ஹோஸ் தளர்ந்துவிடும். பகல் இரண்டு மணிக்கு இந்தச் சங்கிலி அறாமல் ஓட எத்தனை ஆள் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், பிரச்சினையின் கனம் புரியும்.

ஏனென்றால் பகல் இரண்டு மணிக்கு ஊரில் ஆள் இல்லை. உருக்காலையும் சுரங்கமும் ஊருக்குள்ளேயே இருந்த காலத்தில் வீரர்கள் வேலை பார்த்த இடமும் நிலையமும் கூப்பிடு தூரம். சைரன் அடித்தால் பாதி வேலையில் போய்வர மேற்பார்வையாளர் விட்டுவிடுவார்; அடுத்த தீ அவர் வீட்டிலேயே பிடிக்கலாம் என்பது அவருக்கும் தெரியும். 1980களில் ஆலைகள் மூடின. இன்று அதே ஊர்க்காரர் நாற்பது மைல் தள்ளி ஒரு கிடங்கிலோ மருத்துவமனையிலோ வேலை பார்க்கிறார். வேலைக்குக் கிளம்பும் முன் தீக்குப் போய்த் தாமதமாக வந்தவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் காக்கிறது. வேலை நேரத்தில் எழுந்து போகும் உரிமையை அது தரவில்லை. ஆகவே பகல் அழைப்புக்கு வருபவர்கள் ஓய்வுபெற்றவர்கள், இரவுப் பணிக்காரர்கள், அபூர்வமாக ஒரு விவசாயி. பென்சில்வேனியாவில் 14 வயதிலேயே இளையோர் உறுப்பினராகச் சேரலாம். ஆனால் எரியும் கட்டடத்துக்குள் அவர்களை அனுப்ப முடியாது. நாட்டின் மிகச் சிறிய ஊர்களில் வீரர்களில் மூன்றில் ஒருவர் 50 வயதைத் தாண்டியவர். பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கொல்வது தீ அல்ல, மாரடைப்பும் உடல் தாங்காத உழைப்பும்தான் என்பதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய தகவல் இது.

இப்படியிருக்க, சம்பளப் படையே வைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் கணக்கு இடிக்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு இருக்கையை இரவும் பகலும் நிரப்ப, விடுப்பு நோய் எல்லாம் சேர்த்து ஐந்து ஆள் வேண்டும். எரியும் கட்டடத்துக்குள் இருவர் போனால் வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும் என்பது மத்தியத் தொழில் பாதுகாப்பு விதி. ஆக வண்டிக்கு நால்வர், மொத்தம் இருபது பேர். சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 80,000 டாலர் என்று குறைத்தே வைத்தாலும் ஆண்டுக்கு 16 லட்சம் டாலர். மூவாயிரம் பேர் வாழும் ஊர் ஒன்று இதைத் தாங்காது; வாரத்துக்கு நாலைந்து அழைப்புக்காக இருபது பேரைக் காத்திருக்க வைப்பதும் பொருத்தமில்லை. தொண்டர்கள் நாட்டின் உள்ளாட்சிகளுக்கு ஆண்டுதோறும் மிச்சப்படுத்தும் தொகை சுமார் 4,700 கோடி டாலர் என்று தேசியத் தொண்டர் தீயணைப்பு மன்றம் மதிப்பிடுகிறது. தங்கள் உழைப்புக்குத் தாங்களே போட்ட விலை என்று அதை ஒருவர் ஐயப்படலாம். பாதி மதிப்பு போட்டாலும், இவ்வளவு பெரிய தானத்தைப் பெறும் ஊர் பம்புக்கான காசையும் தானம் கொடுப்பவரிடமே கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

இன்னொரு மறுப்பு கனமானது. மீனும் பிங்கோவும் வெறும் பண வேட்டையல்ல, ஊரைச் சேர்த்துவைக்கும் கண்ணி. வரிப்பணம் வந்தால் அதிகாரியும் வருவார், சங்கம் அரசு அலுவலகமாகிவிடும், தொண்டு மனம் வற்றிவிடும் என்கிறார்கள் பழைய உறுப்பினர்கள். இதற்கு ஜெர்மனி நல்ல பதில். அங்கே சுமார் 10 லட்சம் பேர் தொண்டர் தீயணைப்பு வீரர்கள். அமெரிக்க மக்கள்தொகையில் கால்பங்கு உள்ள நாட்டில் அமெரிக்காவை விட அதிகம். அங்கே தீயணைப்புப் படை வைப்பது உள்ளாட்சியின் சட்டக் கடமை. நிலையம், வண்டி, உடை, பயிற்சி எல்லாம் உள்ளாட்சியின் பொறுப்பு. தொண்டர் தருவது தன் நேரத்தை மட்டும். வேலை நேரத்தில் அழைப்பு வந்தால் முதலாளி அவரை விட்டே ஆக வேண்டும், சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. தனியார் முதலாளிக்கு ஏற்படும் இழப்பை ஊர் ஈடு செய்கிறது. ஆள் சேராத ஊரில் குடிமக்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கவும் சட்டத்தில் இடமுண்டு. அபூர்வமாக அது நடந்தும் இருக்கிறது. இத்தனை அரசுத் தலையீட்டுக்கு நடுவிலும் அங்கே தீயணைப்புச் சங்கங்களின் கோடை விழா, இசைக்குழு, பீர்க் கூடாரம் எதுவும் நின்றுவிடவில்லை. இளையோர் படைகளில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். பகலில் ஆள் போதவில்லை என்ற முணுமுணுப்பு அங்கும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விழா நடத்தினால்தான் பம்ப் ஓடும் என்ற நிலை அங்கே இல்லை. விழா எடுப்பது வேறு, வயிற்றுப்பாட்டுக்கு விழா எடுப்பது வேறு.

பென்சில்வேனியாவும் பொதுப்பணத்தைத் தொடாத கன்னிநிலம் அல்ல. பிற மாநில, பிற நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் அங்கே வசூலிக்கும் தீக்காப்பீட்டுத் தவணையில் 2 விழுக்காடு வரி, நூறாண்டுக்கும் மேலாக, வீரர்களின் நிவாரணச் சங்கங்களுக்குப் போகிறது. அதை வீரர்களின் பாதுகாப்பு, காப்பீடு, பயிற்சி போன்றவற்றுக்கு மட்டுமே செலவிடலாம். மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் கணக்கைப் பார்க்கிறார். பொருளாளர் பணத்தைச் சுருட்டிய வழக்குகள் அங்கே அவ்வப்போது செய்தியாவதால், அந்தத் தணிக்கை இருப்பது நல்லதே. 2008இல் இயற்றிய சட்டங்கள், தீயணைப்புச் சேவை இருப்பதை உறுதி செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு என்று சொல்லிவிட்டன. எவ்வளவு பணம் தர வேண்டும் என்பதை அவை சொல்லாமல் விட்டன. 2016இல் வந்த இன்னொரு சட்டம் தொண்டர்களுக்கு உள்ளூர் வரிச் சலுகை தர உள்ளாட்சிகளுக்கு அனுமதி தந்தது. எல்லாம் அனுமதி, எதுவும் கட்டாயமில்லை.

பணம் கேட்பவர்கள் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். 2,500க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளாகத் துண்டுபட்ட மாநிலம் அது. மூன்று மைல் இடைவெளியில் இரண்டு கம்பெனிகள், இரண்டிலும் பத்து லட்சம் டாலர் வண்டி, இரண்டிலும் பகலில் வண்டி ஓட்ட ஆளில்லை. ஒரு வீடு தீப்பிடித்தால் நாலைந்து கம்பெனிகளை ஒரே நேரத்தில் அழைக்கிறார்கள். ஐந்து வண்டி வந்து, வண்டிக்கு இருவர் இறங்கினால் அது ஒரு முழுப் படையாகக் கூடிவிடுகிறது. இந்த ஒத்துழைப்பு பாராட்டத்தக்கது, வண்டிகளின் எண்ணிக்கை அப்படியல்ல. தாத்தா பெயர் பொறித்த கம்பெனியைப் பக்கத்து ஊரோடு இணைக்க மனம் வராதது மனித இயல்பு. என்றாலும் வரிப்பணம் கேட்கும்போது இரண்டு ஏணி வண்டிகளுக்குப் பதில் ஒன்று போதாதா என்று ஊர் கேட்கத்தான் செய்யும், கேட்கவும் வேண்டும். பெருமைக்காக வாங்கிய வண்டியையும் தேவைக்காக வாங்கிய வண்டியையும் பிரித்துப் பார்க்க, வெளியார் கண் ஒன்று உதவும்.

வீரர்களின் தரமும் இந்தப் பணக் கணக்கில்தான் சேர்கிறது. தொண்டர் என்றால் அரைகுறை என்று நினைப்பவர்கள் இரண்டு நிகழ்வுகளை நினைவில் கொள்ளலாம். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட யுனைடெட் 93 விமானம் பென்சில்வேனியாவில் வயல்வெளியில் விழுந்தபோது முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் ஷாங்க்ஸ்வில் என்ற குட்டியூரின் தொண்டர் படையினர் இருந்தார்கள். 2013 ஏப்ரல் 17இல் டெக்சாஸ் மாநிலத்தின் வெஸ்ட் நகரில் உரக்கிடங்கில் பிடித்த தீயை அணைக்கப் போனவர்களும் பெரும்பாலும் தொண்டர்களே. கிடங்கில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 15 பேர் இறந்தார்கள். அதில் 12 பேர் தீயை எதிர்கொள்ளப் போனவர்கள். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்ற முன்னேற்பாடும் பயிற்சியும் போதவில்லை என்று அதன்பின் நடந்த விசாரணைகள் சுட்டின. துணிச்சலில் அங்கே குறையில்லை. ஒரு வேதிக்கிடங்கை ஆராய்ந்து திட்டம் போடுவதற்கு வேண்டியது ஓய்வான மாலைகள். அந்த மாலைகளைத்தான் சீட்டு விற்பனை தின்றுவிடுகிறது.

பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு வழி ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பென்சில்வேனியாவின் சிறு நகரியங்கள் தீயணைப்புக்கென்று தனிச் சொத்துவரி போட்டுக்கொள்ளலாம். ஆயிரம் டாலர் வரிமதிப்புக்கு ஒரு டாலர் என்பது அதன் அலகு. ஒரு லட்சம் டாலர் வரிமதிப்புள்ள வீட்டுக்கு ஒரு அலகு வரி ஆண்டுக்கு 100 டாலர் ஆகும். அப்படி 1,200 வீடுகள் உள்ள நகரியத்தில் சேர்வது 1,20,000 டாலர். அதில் பம்ப் வண்டியின் தவணையைக் கட்டலாம், ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்குப் புது உடை வாங்கலாம், கட்டடக் காப்பீட்டையும் டீசலையும் பார்த்துக்கொள்ளலாம். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களுக்கு அந்த 100 டாலரும் சுமைதான். அவர்களுக்குத் தள்ளுபடி தருவது நகரியக் கூட்டத்தில் பேசித் தீர்க்க வேண்டியது. அதே கூட்டத்தில் இந்த வரியை எதிர்த்துக் கை தூக்குபவர்களும் தீப்பிடித்தால் அழைக்கப் போவது இதே கம்பெனியைத்தான்.